ஆடுகளத்தில் ஓர் ஆசிரியர்

அயர்லாந்தின் தென்கிழக்கில் நோர் என்னும் ஆறு ஓடுகிறது. அதன் கரையில், பழைய கோட்டை ஒன்றைச் சுற்றி வளர்ந்த நகரம் கில்கென்னி. நகரைச் சூழ்ந்துள்ள மாவட்டத்திற்கும் அதே பெயர்தான். மாவட்டம் முழுவதையும் சேர்த்தாலும் அங்கு வாழ்பவர்கள் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேரே. ஆயினும், ஹர்லிங் என்னும் விளையாட்டில் அனைத்து அயர்லாந்துப் பட்டத்தை மிக அதிக முறை வென்ற மாவட்டம் இதுவே. அப்பட்டங்களுள் 11, பிரையன் கோடி என்ற ஒரே பயிற்றுநரின் காலத்தில் கிடைத்தவை. பயிற்சி அளிப்பது அவருடைய தொழில் அன்று. அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர்.

அவர் என்ன செய்தார் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் விளையாட்டைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம்.

வளைகோல் பந்தாட்டத்தைப் பார்த்தவர்கள் ஹர்லிங்கை முதன்முறை காணும்போது திகைத்துப்போவார்கள். இங்கும் கையில் கோல் உண்டு. ஆனால், பந்து பெரும்பாலும் தரையில் இருப்பதில்லை. தலைக்கு மேல் பறந்து வரும் பந்தை வெறுங்கையால் பிடிக்கலாம். பிடித்த பந்தை மேலே தூக்கிப்போட்டுக் கோலால் ஓங்கி அடிக்கலாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு அடிகளுக்கு மேல் எடுத்துவைக்கக் கூடாது என்பதால், ஓடுபவர்கள் அதைக் கோலின் அகன்ற முனையில் நிறுத்தியபடியே ஓடுவார்கள். கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடும் போட்டி நினைவுக்கு வருகிறதா? அதைப் போன்றதுதான். வேறுபாடு ஒன்றே: இங்கே எதிரணியினர் தோளால் இடித்துக்கொண்டே கூட வருவார்கள்.

கோலுக்கு அயர்லாந்து மொழியில் கமான் என்று பெயர். அது ஆஷ் என்னும் மரத்தின் அடிப்பகுதியிலிருந்து செய்யப்படுகிறது. மரம் வேரை நோக்கி வளையும் இடத்தில் நார்களும் சேர்ந்து வளைவதால், கோலின் முனை எளிதில் பிளப்பதில்லை. பந்து சிறியது, தோலால் மூடப்பட்டது, 110 முதல் 120 கிராம் எடையுள்ளது. ஓர் அணிக்கு 15 பேர். மாவட்ட அணிகள் மோதும் ஆட்டம் 70 நிமிடங்கள் நீடிக்கும். கம்பங்கள் ஆங்கில எழுத்து ‘எச்’ வடிவில் நிற்கும். குறுக்குச் சட்டத்திற்கு மேலே பந்து சென்றால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் சென்றால் அது ஒரு கோல், அதாவது மூன்று புள்ளிகள். ஆகவே, 3-30 என்று எழுதியிருந்தால் மூன்று கோல்களும் முப்பது புள்ளிகளும் என்று பொருள், மொத்தம் 39. இந்தக் கணக்கு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்த விளையாட்டை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884ஆம் ஆண்டு தர்ல்ஸ் என்னும் ஊரில் தொடங்கப்பட்டது. இன்றுவரை இதில் விளையாடுபவர்களுக்கு ஊதியம் இல்லை. டப்ளின் நகரின் குரோக் பார்க் அரங்கில் எண்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் முன்னிலையில் ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம் ஆடுபவர், மறுவாரம் வங்கியிலோ வயலிலோ வகுப்பறையிலோ தம் வேலைக்குத் திரும்பிவிடுவார். பயிற்றுநருக்கும் இதே விதிதான். பயணச் செலவு போன்றவற்றைப் பெறலாம், சம்பளம் பெற முடியாது. கோடி என்பது அவர் பெயரில் மட்டும்தான் இருந்தது!

பணம் இல்லாததால் இன்னொரு விளைவும் உண்டு. காற்பந்துக் குழுக்களைப் போல வெளியிலிருந்து ஆளை விலைக்கு வாங்க முடியாது. விளையாட்டாளர் தம் ஊர் மன்றத்திற்கு விளையாடுவார். அங்கே சிறந்து விளங்கினால் தம் மாவட்டத்திற்கு விளையாடுவார். பயிற்றுநருக்கு இருப்பவர்களை வளர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஓர் இலட்சம் பேர் கொண்ட மாவட்டத்தில் ஆடுபவர்களும் அவர்களைத் தேர்ந்தெடுப்பவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகவே இருப்பார்கள். கடைத்தெருவில் சந்தித்துக்கொள்வார்கள். அவ்வாறு அறிந்த ஒருவரிடம், “இந்த ஞாயிறு உனக்கு இடமில்லை” என்று சொல்ல வேண்டும். கோடியின் வாழ்க்கையில் கடினமான வேலை அதுதான்.

*களத்தில்*

பிரையன் கோடி 1954ஆம் ஆண்டு பிறந்தவர். கில்கென்னி நகரின் ஜேம்ஸ் ஸ்டீவன்ஸ் மன்றத்தில் விளையாடி வளர்ந்தார். 1972இல் இளையோர் மாவட்ட அணிக்குத் தலைமையேற்று அனைத்து அயர்லாந்துப் பட்டம் வென்றார். 1975இல் மூத்தோர் அணியிலும் பட்டம். அப்போது அவருக்கு வயது 21. உயரமான, வலிமையான உடல்வாகு. கோல் கம்பத்திற்கு முன் நின்று காக்கும் தற்காப்பு நிலையே அவருக்கு ஏற்ற இடம்.

1978இல் அவரை முன்னே நிறுத்தித் தாக்குதல் ஆட்டக்காரராகப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அவ்வாண்டு இறுதியாட்டத்தில் கார்க் மாவட்டத்திடம் கில்கென்னி தோற்றது. பழகாத இடத்தில் ஆடிய கோடியின் ஆட்டம் எடுபடவில்லை. தோல்விக்குப் பலர் அவரையே குறை கூறினர். சிறிய ஊரில் இத்தகைய பழிச்சொல் செய்தித்தாளோடு நின்றுவிடாது. தெருமுனை வரை வரும். அடுத்த ஆண்டு, 1979இல், கில்கென்னி பட்டம் வென்றது. அந்த அணியில் கோடி இல்லை.

இருபத்தைந்து வயதில் அவர் விளையாட்டைவிட்டு விலகியிருந்தால் எவரும் வியந்திருக்க மாட்டார்கள். அவர் தம் மன்றத்திற்குத் திரும்பி, தமக்குரிய தற்காப்பு நிலையில் ஆடினார். ஜேம்ஸ் ஸ்டீவன்ஸ் 1981இல் மாவட்ட மன்றங்களுக்கிடையிலான பட்டத்தை வென்றது. கில்கென்னியில் ஒரு வழக்கம் உண்டு: மாவட்டப் பட்டம் வென்ற மன்றம்தான் அடுத்த ஆண்டு மாவட்ட அணியின் தலைவரை முன்மொழியும். இப்படித்தான், நான்கு ஆண்டுகளுக்கு முன் பழி சுமந்தவர் 1982இல் அணித்தலைவராகக் களமிறங்கினார். எதிரணி? அதே கார்க். கில்கென்னி 3-18, கார்க் 1-13. லியாம் மெக்கார்த்தி கிண்ணத்தை உயர்த்திப் பிடித்தவர் கோடி. 1983இலும் கார்க்கை வென்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

இந்த நான்கு ஆண்டுகளை வெறும் மீட்சிக் கதையாகப் படித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால், பின்னாளில் அவர் பயிற்றுநராக எடுத்த முடிவுகளைப் பார்க்கும்போது இவற்றுக்கு வேறொரு மதிப்புத் தோன்றுகிறது. அணியிலிருந்து நீக்கப்பட்டவரின் மனம் எப்படி இருக்கும் என்பதையும், நீக்கப்பட்டவர் திரும்பி வர முடியும் என்பதையும் அவர் எந்தப் பாடநூலிலிருந்தும் கற்க வேண்டியிருக்கவில்லை.

*களத்தின் ஓரத்தில்*

1998இன் இறுதியில் கோடி கில்கென்னி அணியின் தலைமைப் பயிற்றுநரானார். பகலில் நகரின் தொடக்கப்பள்ளி ஒன்றில் பணி. பிற்காலத்தில் அப்பள்ளியின் தலைமையாசிரியரும் ஆனார். மாலையில் நோலன் பார்க் மைதானம். தலையில் தொப்பியும் கைகளைத் தேய்த்துக்கொண்டு எல்லைக்கோட்டருகே நிற்கும் தோற்றமும் அயர்லாந்து முழுவதும் பழக்கமாயின.

தொடக்கம் இனிப்பாக இல்லை. 1999 இறுதியாட்டத்தில் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி: கார்க் 0-13, கில்கென்னி 0-12. மறு ஆண்டு ஆஃபலி மாவட்டத்தை 5-15க்கு 1-14 என்று தோற்கடித்து முதல் பட்டம். 2001 அரையிறுதியில் கால்வே மாவட்டம் கில்கென்னியை வீழ்த்தியது. அன்று கில்கென்னி திறமையில் தாழ்ந்திருக்கவில்லை, மோதல்களில் தாழ்ந்திருந்தது. தோளோடு தோள் இடிக்கும் இடங்களிலும் உதிரிப் பந்துக்காகப் பாயும் இடங்களிலும் கால்வே முந்திக்கொண்டது.

அதன்பின் நோலன் பார்க்கில் நடந்த பயிற்சிகளைப் பற்றி ஆட்டக்காரர்கள் பலரும் ஒரே மாதிரிதான் சொல்லியிருக்கிறார்கள். கோடி அணியை இரண்டாகப் பிரித்துத் தமக்குள்ளேயே மோதவிடுவார். ஊதலை வாயில் வைத்திருப்பார்; ஊதுவது அரிது. சிறு தவறுகளுக்கெல்லாம் ஆட்டம் நிற்காது. பதினைந்தில் இருப்பவரை மாற்றாள் வரிசையில் இருப்பவர் விரட்டுவார். அவ்விடத்தைப் பிடிக்க அவருக்கு இருந்த வாய்ப்பு அதுதான். மாதங்கள் செல்லச் செல்ல, உண்மையான போட்டிகளைவிடப் பயிற்சியாட்டங்களே கடுமையானவை என்ற பேச்சு பரவியது.

நுட்பம், வியூகம் ஆகியவற்றைப் பற்றிக் கோடி பொதுவில் மிகக் குறைவாகவே பேசினார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது அணியுணர்வைப் பற்றியே. கேட்பதற்கு இது எல்லாப் பயிற்றுநர்களும் சொல்லும் சொல்லாகவே தோன்றும். அவருடைய அணியில் அது எப்படி வெளிப்பட்டது என்பதைத் தற்காப்புத் திறன் ஒன்றைக் கொண்டு விளக்கலாம். எதிராளி பந்தை அடிக்கக் கோலை ஓங்கும்போது, பின்னாலிருந்து தன் கோலை நீட்டி, கொக்கிபோல் அவர் கோலை மடக்கிவிடலாம். இதற்கு ‘ஹூக்’ என்று பெயர். இதற்குப் புள்ளி கிடையாது. பந்து கைக்கு வரும் என்ற உறுதியும் இல்லை. எட்டாத தொலைவில் ஓடும் எதிராளியை, எட்டிவிடலாம் என்று நம்பித் துரத்துபவரால் மட்டுமே இதைச் செய்ய முடியும். கோடியின் அணியில் நட்சத்திரத் தாக்குதல்காரர்களும் இந்த வேலையைச் செய்தார்கள். செய்யாதவர்களுக்கு இடம் நிலைக்கவில்லை.

2014ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் கில்கென்னியும் டிப்பரேரியும் சமநிலை கண்டன, 3-22க்கு 1-28. எண்களைக் கூட்டிப் பாருங்கள், இரண்டும் 31. செப்டம்பர் இறுதியில் மறு ஆட்டம் நடந்தது. டிப்பரேரியின் ஷேமஸ் கலனன் கோலை நோக்கித் தனியே பாய்ந்தார். அடிக்கக் கையை ஓங்கினார். பின்னால் துரத்திவந்த ஜே. ஜே. டெலேனி கடைசிக் கணத்தில் கோலை நீட்டி அந்த வீச்சை மடக்கினார். கில்கென்னி அன்று வென்றது மூன்று புள்ளி வேறுபாட்டில். அந்த ஒரு கோலின் மதிப்பும் மூன்று புள்ளிகள்தான். அயர்லாந்தில் இன்றும் அந்த ஆட்டத்தைப் பேசும்போது, அடித்த கோல்களுக்கு முன்பாக, அடிக்கவிடாமல் செய்த இந்தக் கோலைத்தான் பலர் நினைவுகூர்கிறார்கள்.

*யாருக்கும் ஒதுக்கப்படாத இடம்*

2006 முதல் 2009 வரை கில்கென்னி தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்றது. இதற்கு முன் நான்கு முறை தொடர்ந்து வென்றிருந்தது 1941 முதல் 1944 வரையிலான கார்க் அணி மட்டுமே. 2008 இறுதியாட்டம் இவ்விளையாட்டின் வரலாற்றில் தனி இடம் பெற்றது: கில்கென்னி 3-30, வாட்டர்ஃபோர்ட் 1-13. வேறுபாட்டை நீங்களே கணக்கிடலாம், 23.

இத்தகைய வெற்றிகளுக்கு நடுவே ஒரு பயிற்றுநருக்கு எளிதாக வரக்கூடிய எண்ணம், “வென்ற அணியை அப்படியே வைத்துக்கொள்வோம்” என்பது. கோடி அப்படி வைத்துக்கொள்ளவில்லை. பழைய பதக்கங்கள் எவருக்கும் அடுத்த ஆட்டத்தில் இடத்தை உறுதிசெய்யவில்லை. 2003இல் அணித்தலைவராக இருந்தவரே, தொடர்ந்து மாற்றாளாக உட்கார வைக்கப்பட்டதால், பருவத்தின் நடுவில் அணியைவிட்டு வெளியேறினார். அவ்வாண்டும் கில்கென்னிக்கே பட்டம். கிண்ணத்தைப் பெற்றவர் வேறொருவர்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டியுள்ளது. வெற்றி கிடைத்தது என்பதாலேயே ஒரு முடிவு நியாயமாகிவிடுமா? ஊதியமின்றி, வேலை முடிந்த களைப்போடு, பல ஆண்டுகள் மாவட்டத்திற்காக உழைத்த ஒருவருக்கு அணி ஏதும் கடன்பட்டிருக்கவில்லையா? கோடி கல்நெஞ்சர் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. அதே நேரத்தில், இன்னொரு பக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மாற்றாள் வரிசையில் இரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கும் இருபது வயது இளைஞரும் ஊதியமின்றித்தான் உழைக்கிறார். பெயருக்காக ஒருவருக்கு இடம் தரப்பட்டால், அந்த இளைஞருக்கு அன்றாடப் பயிற்சியின் பொருள் என்ன? கோடி அந்த இளைஞரின் பக்கம் நின்றார் என்றே கொள்ளலாம்.

ஆனால், அவரும் ஒருமுறை எதிர்த்திசையில் சூதாடினார். 2010இல் ஐந்தாவது தொடர் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அணியின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஹென்றி ஷெஃப்லின் அரையிறுதியில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறியிருந்தார். இறுதியாட்டத்திற்குச் சில வாரங்களே இருந்தன. கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகு ஷெஃப்லின் தம்மால் ஆட முடியும் என்று நம்பினார்; கோடியும் அவரைத் தொடக்கப் பதினைந்தில் சேர்த்தார். கால் மணி நேரத்திற்குள் முழங்கால் மீண்டும் மடங்கியது. நொண்டியபடி அவர் வெளியேற, டிப்பரேரியின் லார் கார்பெட் மூன்று கோல்கள் அடித்தார். 4-17க்கு 1-18. ஐந்தாவது பட்டம் நழுவியது.

தோல்விக்குப் பிறகு அணி கலையவில்லை. 2011இல் அதே டிப்பரேரியை இறுதியாட்டத்தில் வென்றார்கள். 2012இல் கால்வேயை மறு ஆட்டத்தில் வென்றார்கள். ஷெஃப்லின் காயத்திலிருந்து மீண்டு இரண்டிலும் ஆடினார். 2014இல் அவருக்கு வயது 35. நாம் மேலே கண்ட அந்த இரண்டு இறுதியாட்டங்களிலும் அவர் தொடக்கப் பதினைந்தில் இல்லை. இவ்விளையாட்டு கண்ட மிகச் சிறந்தவர்களுள் ஒருவர், மாற்றாள் வரிசையில் காத்திருந்து, ஆட்டம் முடியும் தறுவாயில் உள்ளே அனுப்பப்பட்டார். அந்த வெற்றியுடன் அவருடைய பதக்கங்கள் பத்தாயின. களத்தில் ஆடிப் பத்துப் பதக்கங்கள் பெற்ற முதல் ஹர்லிங் ஆட்டக்காரர் அவர்.

அந்தப் பருவத்திற்குப் பின் ஷெஃப்லின், டெலேனி, டாமி வால்ஷ் உள்ளிட்ட மூத்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஓய்வு பெற்றனர். ஒரு தலைமுறையே வெளியேறியது. மறு ஆண்டு, 2015இல், கில்கென்னி மீண்டும் பட்டம் வென்றது. மாற்றாள் வரிசையில் இருந்தவர்கள் அத்தனை ஆண்டுகள் நோலன் பார்க்கில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு அந்த வெற்றியைவிடச் சிறந்த சான்று இல்லை.

*மாணவர்கள் எதிரே*

2015க்குப் பிறகு பட்டம் வரவில்லை. 2016இலும் 2019இலும் இறுதியாட்டத்தில் டிப்பரேரியிடம் தோற்றார்கள். பிற மாவட்டங்கள் கில்கென்னியின் உழைப்பைக் கற்றுக்கொண்டு, அதன்மேல் தங்கள் வியூகங்களையும் கட்டின. குறிப்பாக லிமெரிக் மாவட்டம். கோடி தொடர்ந்து இருந்தார். அவர் விலக வேண்டும் என்ற குரல்களும் எழுந்தன.

2021இல் கால்வே அணிக்குப் புதிய பயிற்றுநர் வந்தார். அவர் ஹென்றி ஷெஃப்லின்! 2022 மே மாதம் கால்வேயின் சொந்த மைதானத்தில் நடந்த ஆட்டத்தில் மாணவரின் அணி ஆசிரியரின் அணியை ஒரு புள்ளியில் வென்றது. ஆட்ட முடிவில் இருவரும் கைகுலுக்கிய விதம் அவ்வளவு இறுக்கமாக இருந்ததால், அந்தக் கைகுலுக்கலே பல நாள் பேச்சாயிற்று. ஒரு மாதம் கழித்து லெய்ன்ஸ்டர் மாகாண இறுதியாட்டத்தில் இருவரும் மீண்டும் எதிரெதிரே நின்றார்கள். இம்முறை வென்றவர் ஆசிரியர்.

அந்த ஆண்டு ஜூலை 17ஆம் நாள், அனைத்து அயர்லாந்து இறுதியாட்டத்தில் லிமெரிக் 1-31, கில்கென்னி 2-26. இரண்டே புள்ளி வேறுபாடு. ஒரு வாரத்திற்குள் கோடி தாம் விலகுவதாக அறிவித்தார். 24 பருவங்கள் நிறைவுற்றிருந்தன. முதல் பருவம் ஒரு புள்ளியில் தோற்று முடிந்தது. கடைசிப் பருவம் இரண்டு புள்ளிகளில் தோற்று முடிந்தது.

அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் டெரக் லிங். கோடியின் அணியில் நடுக்களத்தில் ஆடிப் பட்டங்கள் வென்றவர். பின்னர் கோடிக்கு அருகில் நின்று அணித் தேர்வில் உதவியவர். 2023இல் லிங்கின் அணியும் இறுதியாட்டம் வரை சென்று லிமெரிக்கிடம் தோற்றது. அது லிமெரிக்கின் நான்காவது தொடர் பட்டம். கார்க், கில்கென்னி ஆகியவற்றுக்குப் பிறகு அந்த எண்ணிக்கையைத் தொட்ட மூன்றாவது மாவட்டம் அது. 2024இல் லிமெரிக் ஐந்தாவது பட்டத்தைத் தேடிச் சென்றது. அரையிறுதியில் கார்க்கிடம் இரண்டு புள்ளிகளில் தோற்றது.